சொந்த வாக்கியத்தில் அமைக்க

ஸ்ட்ரூ என்று ஓர் ஆங்கில வினைச்சொல் இருக்கிறது. தூவுவது, இறைப்பது, பரப்பிப் போடுவது என்று பொருள். நாம் பூவைத் தூவுகிறோம், வாசலில் தண்ணீர் தெளிக்கிறோம், தேர்தல் வந்தால் காசை வாரி இறைக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஊதாரித்தனம் செய்கிறோம். வெள்ளைக்காரன் சிக்கனக்காரன். மணப்பெண் வரும் வழியில் பூவைப் போட்டாலும் ஸ்ட்ரூ, தொழுவத்தில் வைக்கோலைப் பரப்பினாலும் ஸ்ட்ரூ, சங்ககிரி பக்கம் லாரி கவிழ்ந்து தக்காளி ரோடெல்லாம் கிடந்தாலும் ஸ்ட்ரூதான். இந்தச் சொல்லை நாமக்கல்லுக்கு அருகே ஒரு விடுதிப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தேன். கற்றுக்கொடுத்தேன் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. மனப்பாடம் செய்ய வைத்தேன்.

எங்கள் மாதிரிப் பள்ளிகளைப் பிராய்லர் பள்ளி என்று ஊரில் கேலி பேசுவார்கள். எனக்குக் கோபம் வரும். பண்ணையில் கோழிக்கு எல்லா வேளையும் ஒரே தீவனம். நாங்கள் அப்படியா? காலையில் மெட்டீரியல், மாலையில் அதே மெட்டீரியலில் தேர்வு. இரண்டு வகை பரிமாறினோம்.

மெட்டீரியல் என்பது பாடப்புத்தகத்தைப் பிள்ளைகள் தவறிப்போய்ப் படித்துவிடாமல் இருப்பதற்காக நாங்களே அச்சடித்துக் கொடுக்கும் புத்தகம். கேள்வி, அதற்குக் கீழே விடை. அந்த வருடம் ஆங்கிலச் சொற்களுக்கான பகுதியை என்னிடம் ஒப்படைத்தார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பொருள், ஒரு வாக்கியம். இரண்டு பொருள் எழுதினால் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள் என்று முதல்வர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். அவர் கணிதக்காரர். ஒரு கணக்குக்கு ஒரு விடை.

நான் சேலத்தில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். சிறுவயதில் நற்கருணை பவனியில் வெள்ளைக் கவுன் போட்டுக்கொண்டு, முன்னால் பூத்தூவிக்கொண்டு போகும் பெண்களில் நானும் ஒருத்தி. கோயிலைத் தாண்டுவதற்குள் கூடை காலியாகிவிடும்; கை கையாக அள்ளி வீசியிருப்பேன். மீதித் தூரம் முழுக்க வெறுங்கையை ஆட்டிக்கொண்டே போவேன். மெட்டீரியல் எழுதும்போது அந்த நினைவு வந்தது. கையை ஆட்டியதை விட்டுவிட்டு, 'பவனி செல்லும் பாதையில் நான் பூக்களைத் தூவினேன்' என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுதினேன். எழுதியதைப் படித்துப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. இலக்கியமே படைத்துவிட்டதாக நினைப்பு.

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி முதலாளியின் மகன், குமாரபாளையத்து விசைத்தறிக்காரரின் மகள், ஓமலூரிலிருந்து வந்த பூ வியாபாரியின் இரட்டைப் பிள்ளைகள் என அத்தனை பேரும் வாரத் தேர்வில் பவனி போய்ப் பூத்தூவினார்கள். கேள்வி என்னவோ 'சொந்த வாக்கியத்தில் அமைக்க' என்றுதான் இருந்தது. என் சொந்த வாக்கியம் என்று போட மறந்துவிட்டோம் போல.

காலாண்டுத் தேர்வில் ஒரே ஒரு பெண் மட்டும் பவனிக்கு வரவில்லை.

ராசிபுரம் பக்கத்துக் கிராமத்துப் பெண். அப்பா ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் குஞ்சுக் கொட்டகையில் வேலை செய்கிறவர். ஊர்ப் பள்ளியில் முதலாவதாக வந்தாள் என்பதால் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் தாராள மனதுக்கு ஒரு சின்ன நிபந்தனை உண்டு: காலாண்டு மதிப்பெண்படி பிரிக்கும்போது முதல் பிரிவில் இடம் பிடித்தால்தான் சலுகை தொடரும். இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அவள் எழுதியிருந்தாள்: 'குஞ்சுகள் வருவதற்கு முன் என் அப்பா கொட்டகையில் உமியைத் தூவுகிறார்.' இலக்கணம் சரி. பொருள் சரி. அகராதியில் பார்த்தால் பூவுக்கு முன்னாலேயே வைக்கோலும் தரையும் அந்தச் சொல்லோடு நிற்கும். அந்த விடைத்தாள் கட்டில் சொந்த வாக்கியம் என்று ஒன்று இருந்ததென்றால் அது இதுதான்.

நான் அதைத் தப்பு என்று அடித்தேன்.

ஏன் என்று கேட்டால், எங்கள் திருத்தும் முறை அப்படி. நீள மேசையில் 'கீ' என்கிற விடைக்குறிப்பை விரித்து வைத்து உட்காருவோம். நாங்கள் திருத்தியதை இன்னொருவர் சரிபார்ப்பார். குறிப்பில் இல்லாத விடைக்கு மதிப்பெண் போட்டிருந்தால் விளக்கக் கடிதம் எழுத வேண்டும். அப்போது மணி ஆறு தாண்டியிருந்தது, நான் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். சிவப்புப் பேனா ஒரு நொடி நின்றது. நின்றதைப் பெருமையாகச் சொல்லவில்லை. நின்றுவிட்டு அடித்தேன், அவ்வளவுதான்.

பட்டியல் ஒட்டியபோது பார்த்தால், முதல் பிரிவுக்கு அவளுக்கு ஒரு மதிப்பெண் குறைந்தது.

அடித்துப் பிடித்துக்கொண்டு முதல்வரிடம் ஓடினேன். வாக்கியம் சரியானதுதான், நான்தான் தவறிவிட்டேன் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"மேடம், உமின்னு நம்ம கீ-ல இருக்கா?"

"இல்ல சார். ஆனா சரியான வாக்கியம் சார்."

"இன்னைக்கு இந்தப் பொண்ணு உமின்னு எழுதும். நாளைக்கு இன்னொருத்தன் மண்ணுன்னு எழுதுவான். ஆளாளுக்குச் சொந்தமா எழுத ஆரம்பிச்சா அப்புறம் யாரு மேடம் திருத்தறது?"

அவர் கவலை நியாயமானது. பிள்ளைகள் யோசிக்க ஆரம்பித்தால் ஒரு கல்வி நிறுவனம் தாங்குமா?

ஆனாலும் அவர் ஈரமில்லாதவர் அல்ல. ஒரு வழி சொன்னார். "தப்பா திருத்திட்டேன்னு கையெழுத்துப் போட்டு ஒரு லெட்டர் குடுத்துருங்க. ஞாயித்துக்கெழமைக்குள்ள குடுத்தா மார்க்கை மாத்திரலாம். லெட்டர் உங்க ஃபைல்ல இருக்கும், அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' எனக்குப் புரிந்தது. என் மகன் அதே பள்ளியில் ஏழாம் வகுப்பில், ஆசிரியர் பிள்ளை என்ற சலுகையில் படித்துக்கொண்டிருந்தான். ஃபைலில் கடிதம் சேர்ந்த ஆசிரியர்களை அடுத்த வருடம் நான் பார்த்ததில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். மூன்று நாள் யோசித்தேன். ஒரு வரிக் கடிதத்துக்கு அது அதிகம்தான்.

ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் சந்திக்கும் நாள். வேப்பமரத்தடியெல்லாம் பாய் விரித்து, பிரியாணித் தூக்கு ஒரு கையில், மதிப்பெண் தாள் இன்னொரு கையில் என்று ஊரே உட்கார்ந்திருக்கும். அவள் அப்பா உட்காரவில்லை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு, மகளின் விடைத்தாளைப் பிடித்துக்கொண்டு, ஆசிரியர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். பக்கத்தில் அவள். மார்க் கேட்டு வந்திருக்கிறார் என்று நினைத்து, சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டேன்.

"ஏனுங்க டீச்சர், ஒண்ணு கேக்கோணுங்க. இதைய ஏனுங்க அடிச்சிருக்குது? புள்ள பொய் ஏதாச்சும் எழுதிப்போட்டாளுங்களா?"

"பொய் இல்லைங்க."

"நானும் அதையத்தானுங்க நெனச்சேன். உமி நாந்தானுங்க போடறது. எங்க மொதலாளி வேற ஆள உட மாட்டாருங்க." அவர் குரலில் கொஞ்சம் பெருமை தட்டியது. "வாரிக் கொட்டிப்போட்டா மேடும் பள்ளமுமாப் போயிருமுங்க. பொறந்த குஞ்சு, காலு கோணிக்கும். இப்பிடி இடுப்பு ஒசரத்துல வெச்சு, வெரலுச் சந்துல உடோணுங்க."

சொல்லிக்கொண்டே கையை நீட்டி, விரல்களை லேசாக அசைத்துக் காட்டினார். அந்த வினைச்சொல்லை இத்தனை வருடம் பாடமாக நடத்தியிருக்கிறேன். ஒருவர் அதைச் செய்து காட்டி அன்றுதான் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. மேசை டிராயரில் வெள்ளைத்தாள் இருந்தது, பேனா கையில் இருந்தது. அன்று மாலை வரை நேரமும் இருந்தது.

"நீங்க செய்யறது சரிதாங்க," என்றேன். "பாப்பா எழுதினது பரீட்சைக்குச் சரியில்ல."

அவர் சண்டைக்கு வந்திருந்தால் தப்பித்திருப்பேன். நானும் பதிலுக்குக் கோபப்பட்டு ஒரு சாக்குத் தேடியிருக்கலாம். அவரோ கும்பிட்டார்.

"பொய்யி இல்லீங்கல்ல, அது போதுமுங்க. நீங்க படிச்சவுங்க, உங்களுக்குத் தெரியாதுங்களா?" மகள் பக்கம் திரும்பினார். "வா சாமி. பெட்டிய எடுத்துக்கலாம். நம்மூரு பள்ளிக்கூடம் இருக்குதில்ல."

அவர் விடுதிப் பக்கம் நடந்தார். அவள் போகவில்லை. விடைத்தாளை நாலாக மடித்துக்கொண்டு நின்றாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். அழவில்லை. வகுப்பில் சந்தேகம் கேட்கும்போது எப்படி நிற்பாளோ அப்படித்தான் நின்றாள்.

"மிஸ், அப்ப எங்கப்பா பண்றதுக்கு இங்கிலீசுல என்ன வார்த்தைங்க மிஸ்?"

"அது போர்ஷன்ல இல்லம்மா," என்றேன்.

"சரிங்க மிஸ்," என்றாள். என்னை நம்பிவிட்டாள்.