பச்சை பாட்டிலும் பக்கீர் பாயின் பாலைவனமும்

பக்கீர் முஹம்மது இருபத்திரண்டு வருடம் கல்ஃபில் இருந்தார். அதில் பாலைவனத்தில் தனியாக இருந்தது மூன்று மணி நேரம். மீதியெல்லாம் குடோனில்.

அந்த மூன்று மணி நேரமும் குப்பை பொறுக்கப் போனதால் கிடைத்தது. ஒரு வெள்ளிக்கிழமை கம்பெனி ஆட்களை பஸ்ஸில் ஏற்றி மணல்வெளியில் இறக்கிவிட்டது. தன்னார்வப் பணி என்றார்கள். வராதவர்களின் பெயரை எழுதிக்கொண்டார்கள். ஆளுக்கொரு சாக்கு, நிற்கும் இடத்தில் ஊன்றிவைக்க ஆளுக்கொரு குச்சி. குச்சியின் தலையில் பச்சை பாட்டில் கவிழ்த்திருந்தது. சாயங்காலம் அந்த அடையாளத்தைப் பார்த்துத்தான் பஸ் வரும். பாய் கடமையில் கருத்தானவர். பொறுக்க வேறெதுவும் மிச்சமில்லாதபோது அந்த பாட்டிலையும் எடுத்துச் சாக்கில் போட்டுவிட்டார்.

பஸ் அவரைக் கண்டுபிடிக்க மூன்று மணி நேரம் ஆனது.

அதுவரை மணலில் உட்கார்ந்திருந்தார். சூப்பர்வைசர் இல்லை, ஜெனரேட்டர் இல்லை, அறைவாசிகள் ஏழு பேரின் குறட்டை இல்லை. மணல்மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக நிறம் மாறின. காற்று அவருடைய காலடித் தடங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போனது. கடைசித் தடமும் போனபோது உடம்பு லேசானது. பஸ்ஸின் விளக்கைப் பார்த்ததும் அவருக்கு வந்தது வருத்தம்.

மனைவி சர்புன்னிசாவிடம் மட்டும் "செத்துப் பிழைச்சேன்" என்று சொல்லி வைத்திருக்கிறார். சந்தோஷமாக இருந்தேன் என்றால், இங்கே என்ன குறை என்று கேள்வி வரும்.

இப்போது மரக்காணம் பஜாரில் அவருக்கு ஒரு ஃபேன்ஸி ஸ்டோர். கடையில் பேச்சு, வீட்டில் பேச்சு, இரண்டுக்கும் நடுவில் செல்போன். இன்னொரு முறை அப்படித் தொலைந்துபோக முடியுமானால் கடையையே எழுதிக் கொடுத்துவிடுவார். ஆகவே குயிலாப்பாளையத்துத் தொண்டு நிறுவனத்திலிருந்து ஷாலினி வந்து, ஞாயிற்றுக்கிழமை உப்பளத்தில் குப்பை பொறுக்கப் போகிறோம் என்றதும் முதல் பெயர் அவருடையது.

நாற்பது பேர் வந்தார்கள். பொறுக்கிய குப்பையை ஃபோட்டோவுக்காகக் கொஞ்சம் கொட்டி, மறுபடி பொறுக்கினார்கள். பாய் பாத்திகளுக்கு நடுவே வரப்பு மேல் நடந்துகொண்டே போனார். எங்கும் வெள்ளை. தூரத்துச் சத்தங்கள் வெயிலில் கரைந்தன. அங்கே ஒரு குச்சி. அதன் தலையில் கவிழ்த்த பச்சை பாட்டில்.

இந்தத் தடவை அவருக்கு நன்றாகத் தெரியும். குச்சியோடு பிடுங்கிச் சாக்கில் போட்டுக்கொண்டு, இன்னும் நாலைந்து பாத்தி தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

சற்று நேரத்தில் ஒரு பெண்குரல். உப்பு வாரும் விருத்தாம்பாள்.

"ஏன் பாய், அங்க இருந்த பாட்டில் எங்க?"

"குப்பைன்னு நெனைச்சேம்மா."

"குப்பைதான். குச்சி மேல ஏறிட்டா அப்புறம் அது எங்களுது. அங்க வரப்பு உள்வாங்கியிருக்குது. விடிகாலைல தலைல உப்போட வர்றவ கால வெச்சா அவ்ளோதான். போன மாசம் விழுந்த பொன்னி இன்னும் எழுந்திருக்கல."

பாய் திரும்பிப் பார்த்தார். எல்லா வரப்பும் ஒரே மாதிரி இருந்தது. வண்டிப்பாதையில், குப்பை பொறுக்க வந்தவர்களைத் திரும்ப ஏற்றிப்போகும் வேன் ஹாரன் அடித்தது.

"நீ போம்மா. நானே வெச்சுட்டு வர்றேன்."

செல்போனை அணைத்துவிட்டு, ஒவ்வொரு அடியாகக் காலால் அழுத்திப் பார்த்துக்கொண்டு நடந்தார். ஓரிடத்தில் கால் முழங்கால்வரை உள்ளே போனது. காலை உருவிக்கொண்டு, அங்கே குச்சியை ஊன்றி பாட்டிலைக் கவிழ்த்தார். பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

சூரியன் இறங்கியிருந்தது. பாத்திக்கொரு வானம். பூநாரைக் கூட்டம் ஒன்று அத்தனை வானங்களிலும் ஒரே நேரத்தில் பறந்து போனது. உடம்பு லேசாகத் தொடங்கியது.

பதினோரு நிமிடம். பிறகு வேனின் விளக்கு.

விருத்தாம்பாளின் குரல் தெளிவாகக் கேட்டது. "அதோ பச்சை பாட்டில் தெரியுதுல்ல? பாய் அங்கதான்."

பாயின் கை குச்சிவரை போனது. பொன்னியை நினைத்துத் திரும்பி வந்தது.

"பயந்துட்டோம் அங்கிள். நல்லவேளை இந்த பாட்டில் இருந்துச்சு" என்றாள் ஷாலினி.

"ஆமாம்மா."

வீட்டில் சர்புன்னிசா அவருடைய சேற்றுக்காலைப் பார்த்தார்.

"வழி தெரியாம மாட்டிக்கிட்டேன். செத்துப் பிழைச்சேன்."

"இது செத்துப் பிழைச்ச ஆளு மூஞ்சியா? கல்ஃப்ல இருந்து வந்தப்பவும் இதே மூஞ்சியோடதான் சொன்னீங்க." தண்ணீர்ச் சொம்பை நீட்டினார். "அடுத்த ஞாயித்துக்கெழம எம்பேரையும் குடுத்துடுங்க. நானும் வந்து கொஞ்சம் செத்துப் பிழைக்கிறேன்."