படம் எடுக்காமல் ஊசியா?

மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டை ஏற்றிய டிராக்டரிலிருந்து விழுந்தபோது என் கணவர் முதலில் சிரித்தார். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் எங்கள் நிலம். "ஒண்ணும் இல்ல, விலாவுலதான் கொஞ்சம் வலி" என்று எழுந்து உட்கார்ந்தார். அரை மணி நேரத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒரு சொல் பேசுவார், நிறுத்துவார். ஆம்புலன்ஸை அழைத்தோம்.

விழுப்புரத்தில் அவசரப் பிரிவு மருத்துவர் சின்னப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சின் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி வைத்தார். விரலால் தட்டினார். வலப்பக்கம் காலிக் குடம் போலச் சத்தம் கேட்டது. கழுத்து நரம்பு புடைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, பெரிய ஊசி ஒன்றைக் கேட்டு வாங்கினார்.

எனக்கு வந்ததே கோபம். எங்கள் பக்கம் படம் எடுக்காத வைத்தியத்தை வைத்தியமாகவே மதிப்பதில்லை. காய்ச்சலுக்குப் போய் வந்தவரிடம்கூட "ஸ்கேன் எடுத்தாங்களா?" என்றுதான் கேட்போம். ஊசியோடு வந்த கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"எக்ஸ்ரே எடுக்காமலே நெஞ்சுல குத்துவீங்களா? மொதல்ல படம் எடுங்க."

"அம்மா, நுரையீரல்ல இருந்து காத்து கசிஞ்சு நெஞ்சுக்குள்ள அடைச்சிருக்கு. இதயத்தையே அமுக்குது. படம் வர்ற வரைக்கும் இவர் தாங்க மாட்டார். கைய விடுங்க."

செவிலியர்தான் என் கையை விலக்கினார். ஊசி இறங்கியதும் சைக்கிள் டியூபில் காற்று போவதுபோல உஸ்ஸென்றது. என் கணவரின் உதட்டில் இருந்த நீலம் குறைந்தது.

டென்ஷன் நியூமோதோராக்ஸ் (நெஞ்சுக்குள் காற்று அடைத்து நுரையீரல் சுருங்கிப்போவது) என்றார்கள். முறிந்த விலா எலும்பு நுரையீரலைக் கிழித்திருந்தது. நெஞ்சில் குழாய் செருகி, தண்ணீர் உள்ள பாட்டிலில் அதன் மறுமுனையை விட்டார்கள். கசிவு அடைபட்டால் குமிழி வருவது நின்றுவிடும் என்றார்கள். ஐந்து நாள் அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் கேட்பது தப்பில்லை. ஆனால் தட்டிப் பார்த்த மருத்துவர் 'இப்போதே' என்றால், வழிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்து ஒரு மாதம் கழித்து, அவர் சாப்பிடும்போது சொன்னேன். "அன்னிக்கு டாக்டர் கையப் புடிச்சிக்கினு நான்தான் தடுத்தேன். நீங்க போயிருப்பீங்க."

"தெரியும். பார்த்துக்கினுதான் இருந்தேன். வுடுடின்னு சொல்ல வாயத் தொறந்தேன். மூச்சு வரல."

சொல்லிவிட்டுக் குழம்பு கேட்டார்.

நான் தடுத்தது ஒரு நிமிடம்கூட இருக்காது. இப்போது அவர் பேச்சின் நடுவே நிறுத்தினால், அடுத்த சொல் வரும்வரை நான் மூச்சு விடுவதில்லை.