மாமா கூப்பிடுறா

போன வருடம் ஓகஸ்ட் மாதம். நான் வேலை செய்யும் வீட்டு எசமானி, சிஞ்ஞோரா, விடுமுறைக்குப் போய்விட்டார். நாங்கள் இருக்கும் இத்தாலியின் பலெர்மோ நகரமே ஆளில்லாமல் கிடந்தது. நாங்களும் ஐந்து வயது மகளோடு தாய்லாந்துத் தீவொன்றுக்குப் போயிருந்தோம்.

எங்களைச் சுற்றிக் காட்டிய படகோட்டியை 'மாமா' என்று கூப்பிட மகளைப் பழக்கியிருந்தேன். ஒரு மத்தியானம் அவர் ஆளில்லாத சின்னத் திட்டு ஒன்றுக்குக் கூட்டிப்போனார். கடல் வற்றி, மணல் வெகுதூரம் வெளியே தெரிந்தது. பறவைச் சத்தம்கூட இல்லை. அங்கிருந்த ஓலைக் கொட்டிலின் வாசலில் மகள் விளையாட, நான் உள்ளே உடுப்பு மடித்தேன். கணவர் பக்கத்தில் படுத்திருந்தார்.

"அப்பா, மாமா கூப்பிடுறா. போறன்," என்று வெளியே மகளின் குரல் கேட்டது.

"ஓம், போங்கோ," என்றார் கணவர், கண்ணைத் திறக்காமலே.

'கூப்பிடுறார்' என்று சொல்ல வராது அவளுக்கு, வந்ததும் திருத்தவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் கொட்டிலின் பின்பக்கத்திலிருந்து இளநீரோடு வந்து நின்றார் படகோட்டி. தனியாக.

ஓடினேன். மணல் முடியும் அந்தலையில், இடுப்பளவு தண்ணீரில், ஆழத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள். கடல் திரும்ப ஏறிக்கொண்டிருந்தது. இழுத்து அணைத்ததும் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"மம்மா, நீங்கள் அங்கை நிண்டெல்லோ கூப்பிட்டனீங்கள்? எப்பிடிப் பின்னாலை வந்தனீங்கள்?"

மம்மா. பள்ளியில் பழகிய இத்தாலியச் சொல். வீட்டில் 'அம்மா' என்றே சொல்லவேண்டும் என்று நான் தடுத்திருந்த சொல். அம்மாவைச் சொல்வதுபோல 'கூப்பிடுறா' என்று பிள்ளை சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். எனக்குத்தான் 'மாமா' என்று கேட்டிருக்கிறது.

"காத்துச் சத்தமா இருக்கும். நீர் சும்மா பயப்பிடாதையும்," என்றார் கணவர்.

"காத்து எங்கை அடிச்சது?" என்றேன்.

விஷயத்தைச் சொன்னதும் படகோட்டி சிரிக்கவில்லை. பிள்ளை பதில் சொன்னாளா என்று மட்டும் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டார். மகளிடம் கேட்டேன்.

"ஓம். வாறன் எண்டு சொன்னனான்."

அவர் இளநீரை அப்படியே மணலில் போட்டுவிட்டு, எங்களை ஏற்றிப் படகைத் தள்ளினார்.

அது என்ன குரல் என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் பலெர்மோ வீட்டில் அடுத்த அறையிலிருந்து மகள் "வாறன்" என்று சொல்லும்போதெல்லாம், அவளைக் கூப்பிட்டது நான்தானா என்று ஒருமுறை யோசித்துவிட்டு, எழும்பிப் போய் அவளைப் பார்த்தால்தான் எனக்கு மூச்சு வருகிறது.