வாசிக்காமல் விட்ட துண்டுகள்

எங்கள் நாடகக் குழுவின் இருபதாம் ஆண்டு மலருக்கு ஜெயராணியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி கேட்டார்கள். "அவவைக் கூட்டிக்கொண்டு வந்தது நீங்கள்தானே கணேஸ், நீங்களே எழுதுங்கோ" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா மாஸ்டர். எங்கள் நாடகத்தை எழுதி, இருபது வருடமாக நடத்துகிறவர் அவர்தான். மலருக்கு எழுதுகிற மாதிரி எழுத எனக்கும் தெரியும். கலைத்தாயின் தவப்புதல்வி என்று தொடங்கிப் பல்லாண்டு வாழ்க என்று முடித்துவிடலாம். அப்படி எழுதிக் கொடுத்தால் நான் உப்புப் போட்டுச் சோறு தின்கிறவன் இல்லை. நடந்ததை எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

ஜெயராணி ஹுன்னஸ்கிரிய பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். பத்தொன்பது வயதில் கண்டிக்கு வந்து கொழும்பு வீதியில் ஒரு புடவைக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். இன்றைக்கும் அதே கடை, அதே சேலைப் பகுதி. கைக்குட்டை வாங்க வந்தவரிடம் கூறைச்சேலையை விற்று அனுப்பக்கூடிய கெட்டிக்காரி. ஆனால் தனக்கென்று எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை. முதலாளி சம்பளத்தைக் கூட்டினால் கூடும், மறந்தால் மறந்ததுதான். "கேட்டா என்ன, வாயில இருக்கிற முத்தா கொட்டிரும்?" என்று நானே எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

நான் அதே வீதியில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறவன். 2006இல் ஒரு நாள் என் மனைவிக்குச் சேலை எடுக்கப் போனபோது, கடையில் ஆளில்லாத மத்தியான நேரத்தில் அவள் சேலைகளை மடித்துக்கொண்டே பாடுவதைக் கேட்டேன். அப்போது மாஸ்டர் 'நடந்து வந்தவள்' நாடகத்துக்குக் கதாநாயகி கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தார். அன்றைக்கே ஆளைக் கூட்டிக்கொண்டு போய் அவர் முன்னால் நிறுத்தினேன். அந்தப் பெருமையை இருபது வருடமாக விற்றுத் தின்றவன் நான்.

நாடகத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அழகம்மா என்ற பெண் கல்யாணமான கையோடு புருசனுடன் கடல் தாண்டி, மன்னாரில் இறங்கி, காட்டுவழியே கண்டிச் சீமைக்கு நடந்து வருகிறாள். வழியில் வாந்திபேதியில் புருசன் போய்விடுகிறான். அவள் தனியாக வந்து சேர்கிறாள். பதினான்கு பாட்டு, எல்லாம் மேடையிலேயே பாடுவது. முதல் காட்சியில் கல்யாணம். மாஸ்டருக்கு எதிலும் பாவனை பிடிக்காது, நிஜமான மஞ்சள் கயிற்றில் மூன்று முடிச்சுப் போடத்தான் வேண்டும்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. டிக்கெட்டின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். நாடகம் பார்த்தவர்கள் அதில் தங்கள் அபிப்பிராயத்தை எழுதி, வாசலில் வைத்திருக்கும் பிஸ்கட் டின்னில் போட்டுவிட்டுப் போகலாம், பெயர் எழுதத் தேவையில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கட்டுக்கலையில் மாஸ்டரின் டியூசன் வகுப்பில் எல்லோரும் கூடுவோம். பால் விடாத பிளேன்டியும் வடையும் வரும். நான் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து உரக்க வாசிப்பேன். வேறொரு குழு பாத்திரச் சண்டையில் உடைந்து போனதைப் பார்த்துவிட்டு மாஸ்டர் முதல் வருடமே சட்டம் போட்டுவிட்டார்: "ஆள் மாறவேணும் எண்டால் அதைச் சனம் சொல்லவேணும். நானும் சொல்லமாட்டன். நடிக்கிறவையும் வந்து கேக்கக்கூடாது."

சனம் சொன்னது கொஞ்சமா! கங்காணி வேடம் போட்டவர் கட்டாருக்குப் போய்ப் புது ஆள் வந்தபோது ஒருவர் எழுதினார்: "பழைய கங்காணி அதட்டினால் என் மகன் கதிரைக்குக் கீழே ஒளிவான். புதுக் கங்காணியைப் பார்த்துச் சிரிக்கிறான்." மாப்பிள்ளை வேடக்காரரைப் பற்றி ஒரு துண்டு வந்தது: "முதலில் வயிறு வருகிறது, பிறகு ஆள் வருகிறார்." மனிதர் அதைக் கேட்டுத் தானும் சிரித்து, இரண்டு வடையைத் தின்றுவிட்டு வேடத்தை விட்டுக் கொடுத்தார். அந்த இடத்துக்கு இருபத்துநான்கு வயது தினேஸ் வந்தான். மூன்று காட்சிக்கு "பழையவரே தேவலாம்" என்று எழுதினார்கள். நாலாவது காட்சியில் அவனுடைய போன் நம்பரைக் கேட்டு எழுதினார்கள். இப்போது அழகம்மாவாகக் கஜனி என்ற பிள்ளை நடிக்கிறாள். "இந்தப் பிள்ளை நன்றாகப் பாடுகிறது, ஆனால் அந்த அம்மா அழ வைத்தார், அவர் எங்கே?" என்று போன மாதம் மட்டும் பதினேழு துண்டு வந்தது. மாற்றினாலும் குறை, மாற்றாவிட்டாலும் குறை. பதினேழையும் ஒன்று விடாமல் வாசித்தேன். அந்த யோக்கியம் எனக்குக் காலம் தாழ்த்தித்தான் வந்தது.

ஜெயராணியின் புருசன் மகியங்கனை பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். 2021இல் ஒரு காலை வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழும்பவில்லை. நாடகமும் அப்போது கொரோனாவால் நின்று போயிருந்தது. அடுத்த வருடக் கடைசியில் திரும்பத் தொடங்கினோம். கறுப்புப் பொட்டு வைத்துக்கொண்டு ஒத்திகைக்கு வந்தாள். வேடத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை. மாஸ்டரும் கேட்கவில்லை, சட்டம் இருக்கிறதே.

திரும்பத் தொடங்கிய பிறகு முதல் நாள் வந்த துண்டுகளை வீட்டில் வைத்துப் பிரித்தேன். ஒன்றில் இப்படி இருந்தது: "தாலி அறுத்தவள் மேடையில் தாலி கட்டிக்கொள்கிறாள். வெட்கமில்லையா?" எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எழுதினவன் கையில் புழு வைக்க என்று சபித்தேன். இதை அவள் முன்னால் வாசிப்பதா? எடுத்து ஒரு மருந்துப் பைக்குள் போட்டுவிட்டேன். அதைச் செய்ததற்கு இன்றைக்கும் நான் வருத்தப்படவில்லை.

அதோடு நின்றிருக்க வேண்டும். அந்தத் துண்டுக் கட்டுக்குள்ளேயே இன்னொன்று: "நடிப்பு அருமை. ஆனால் கல்யாணப் பெண்ணுக்கு வயது கூடிவிட்டது." இதில் வம்பு என்ன இருக்கிறது? மாப்பிள்ளையின் வயிற்றைப் பற்றி வாசித்தவன் இதையும் வாசித்திருக்கத்தானே வேண்டும்? புருசனை இழந்தவளுக்கு இதுவும் போக வேண்டுமா என்று எனக்கு நானே நியாயம் சொல்லி, அதையும் பைக்குள் போட்டேன். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. ஒரு காட்சிக்கு ஐந்து, அடுத்ததற்கு எட்டு, அப்புறம் பத்து. ஞாயிற்றுக்கிழமைகளில் பாராட்டுகளை மட்டும் வாசிப்பேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்பாள். எல்லாம் அவள் நன்மைக்குத்தான் என்று சொல்லிக்கொண்டேன். பொய். அழகம்மா வேறு ஒருத்தியாகிவிட்டால் நான் யாரைக் கண்டுபிடித்தேன் என்று பெருமை பேசுவது? அந்தப் பயம்தான் பாதி.

கிழித்துப் போடவும் கை வரவில்லை. சனத்தின் வார்த்தையாயிற்றே என்று ஒரு பயம். கள்ளனுக்கும் ஒரு பக்தி.

போன வருடம் ஆகஸ்டில் புசல்லாவையில் போட்டோம். பின்னேரம் மூன்று மணிக் காட்சி, மண்டபம் நிறைந்து வாசலிலும் ஆட்கள். கல்யாணம் முடிந்து, புருசன் அழகம்மாவைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடக்கிற பாட்டு. ஜெயராணிக்கு வயது நாற்பத்தாறு. தினேஸ் அவளைத் தூக்கி இரண்டு அடி வைத்ததும் பின்னாலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான்.

"டேய், மவன் ஆத்தாளத் தூக்கிட்டுப் போறான்டா."

மண்டபமே சிரித்தது. சின்னச் சிரிப்பில்லை, கதிரைகள் ஆடுகிற சிரிப்பு. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். தினேஸ் அவளை இறக்கி விடுவதா வேண்டாமா என்று தெரியாமல் நடு ஆற்றில் நின்றான். ஜெயராணி பாட்டை நிறுத்தவில்லை. ஒரு சுருதி பிசகவில்லை. கழுத்தில் மஞ்சள் கயிற்றோடு, அந்தச் சிரிப்புக்கு மேலே பாடி முடித்தாள். மேடை ஓரத்தில், பாட்டுகள் எழுதிய கொப்பியை வைத்துக்கொண்டு நான் நின்றேன். அவளை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது அந்தச் சனம் இல்லை, நான்.

திரும்பி வரும்போது வேனில், கம்பளை தாண்டும்வரை அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டின்னில் அறுபத்தொரு துண்டு இருந்தது. நாற்பதுக்கு மேல் ஆளை மாற்றச் சொன்னவை. அதற்குப் பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டாமா? கெட்டுப்போன மூளை, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை பதினொரு பாராட்டை வாசித்துவிட்டு, "அவ்வளவுதான்" என்று கண்ணாடியைக் கழற்றினேன்.

கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்த ஜெயராணி நிமிர்ந்து பார்த்தாள்.

"கணேஸ் அண்ணே, அன்னைக்கு அவ்வளவு சனம் சிரிச்சிச்சே. அதுல ஒருத்தருக்குக்கூடவா எழுதத் தெரியல?"

நான் கண்ணாடியைத் துடைத்தேன். மாஸ்டர் என்னைப் பார்த்தார். கையிலிருந்த பிளேன்டிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"கணேஸ், மிச்சத் துண்டுகள் எங்கை?"

"வீட்ல இருக்கு மாஸ்டர்."

"எவ்வளவு காலமா?"

"மூணு வருசமா."

யாராவது ஒருவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஜெயராணிதான் சொன்னாள்: "போய் எடுத்துட்டு வாங்கண்ணே. இன்னைக்கே வாசிங்க. நான் இருக்கேன்."

த்ரீவீலரில் அம்பிட்டியவில் என் வீட்டுக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தேன். நான் வரும்வரை ஒருவரும் எழுந்து போகவில்லை, வடைத்தட்டையும் தொடவில்லை. பள்ளிக்கூடத்தில் களவு பிடிபட்ட பிள்ளை மாதிரி எல்லோர் முன்னாலும் நின்று வாசிக்கத் தொடங்கினேன். வயதைப் பற்றி, உடம்பைப் பற்றி, குரல் கனத்ததைப் பற்றி. அந்தத் தாலித் துண்டை மட்டும் தாண்டிவிடலாமா என்று ஒரு நிமிடம் தயங்கினேன். "எல்லாத்தையும்" என்றாள். வாசித்தேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு 2023 தொடக்கத்துத் துண்டு ஒன்று வந்தது. நீல மையில் குண்டு குண்டான எழுத்து.

"அழகம்மாவாக நடிப்பவருக்கு இனிப் போதும். கணவர் இறந்த பிறகு, மேடையில் அந்தக் கயிறு கழுத்தில் ஏறும் ஒவ்வொரு முறையும் அவர் படும் பாடு பெரிது. தயவு செய்து ஒரு சின்னப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள்."

யாரோ ஊர்வம்புக்காரர் எழுதியது என்றுதான் அன்றைக்கு நினைத்திருந்தேன். அடுத்த துண்டை எடுத்தேன்.

"அது நான் எழுதுனது" என்றாள் ஜெயராணி.

அப்போது கூட்டத்தில் ஒருத்தியாக நடித்துவந்த கஜனி "அக்கா" என்று அவள் கையைப் பிடித்தாள். ஜெயராணி அழவில்லை, கடையில் விலை சொல்கிற அதே குரலில்தான் பேசினாள்.

"நடிக்கிறவங்க கேக்கக்கூடாதுன்னு சட்டம். எனக்கும் கேட்டுப் பழக்கமில்ல. அதான் நாடகம் பாக்க வந்த என் தங்கச்சிகிட்ட அவ டிக்கெட்ட வாங்கி எழுதி டின்னுல போட்டேன். அடுத்த ஞாயிறு நீங்க எல்லாத்தையும் வாசிச்சீங்க, என்னோடத மட்டும் வாசிக்கல. பாட்டுக் கொப்பி முழுக்க என் கையால எழுதித் தந்ததுதானே. எழுத்தப் பார்த்து நான்தான்னு தெரிஞ்சிக்கிட்டு, 'போகாத தாயி, சனத்துக்கு நீதான் வேணும்'னு சொல்லாமச் சொல்றீங்கன்னு நெனைச்சேன். மத்தவங்க எல்லாம் நல்லாத்தானே எழுதியிருந்தாங்க. சரி, அண்ணனே சொல்லும்போது பொறுத்துக்கிருவோம்னு இருந்துட்டேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "தெரிஞ்சுதானே மறைச்சீங்க?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவளுக்கு அந்த மூன்று வருடமாவது மிஞ்சியிருக்கும். அதற்குமேல் ஒரு பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. ஒவ்வொரு காட்சிக்கும் அந்தக் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவன், அவள் எழுத்தை அடையாளம் காணவில்லை. ஆளை மாற்று என்ற சொல்லைக் கண்டதும் பைக்குள் திணித்தேன், அவ்வளவுதான்.

"தெரியாது தாயி" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். கை அவளை அறியாமல் வெறுங்கழுத்தைத் தடவியது.

"அப்ப மூணு வருசமா நான் யாருக்காகண்ணே அந்தக் கயித்தக் கட்டிக்கிட்டேன்?"

நாண்டுகொண்டு சாகலாம் போல இருந்தது. மாஸ்டர் எழுந்து, "காணும் கணேஸ், வாசிச்சது போதும், வையுங்கோ" என்றார். அந்தச் சட்டத்தைப் போட்டவர் அவர்தானே.

"இல்ல மாஸ்டர், மிச்சத்தையும் வாசிக்கட்டும்" என்றாள் ஜெயராணி. "சனம் எழுதுனது."

இன்னும் இருபதுக்குக் குறையாமல் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தேன். கடைசித் துண்டு வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் அவள் எழுந்து போனாள்.