கார்க் கதவுக்கும் வெட்டிய கணக்கப்பிள்ளை

எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சின்னத்துரைக்குக் கார்ப் பந்தய ஆசை வந்தது. அவரிடம் இருந்ததோ பதுளைக்குப் படம் பார்க்கப் போய் வருகிற கார். இரண்டு பேர்தான் உட்காரலாம், மேலே துணிக்கூரை, பச்சை நிறம். பார்க்க அழகுதான். சித்திரையில் நுவரெலியாவில் மலையேறுகிற பந்தயத்துக்கு அந்த அழகெல்லாம் வெறும் பாரம் என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். பாரம் குறைந்தால் கார் பறக்குமாம். அன்றிலிருந்து மனுஷன் காரைக் கழற்ற ஆரம்பித்தார்.

கழற்றியதை நிறுக்க வேண்டுமே. தோட்ட மானேஜரான பெரியதுரைக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகாது. தராசு இருக்கிற ஃபேக்டரி வாசலுக்குக் கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிட்டார். மிச்சம் இருந்தது நாங்கள் கொழுந்து நிறுக்கிற மடுவம். அந்தியில் நாங்கள் கூடையோடு வரிசையில் நிற்கும்போது சின்னத்துரை காரை வாசலில் நிறுத்துவார். கழற்றியதைக் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, அடுத்ததைக் கழற்றக் காருக்கடியில் புகுந்துவிடுவார்.

இங்கே எங்கள் கணக்கப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூடைக்கு இரண்டு றாத்தல், கொழுந்தில் ஒட்டிய தண்ணிக்கு இரண்டு றாத்தல் வெட்டிவிட்டுத்தான் அவர் நிறையைச் சொல்வார். மழைநாளில் தண்ணிக்கு வெட்டினால் நியாயம். மாசி வெயிலில் ஏது தண்ணி? கேட்டால் "வழக்கம்" என்பார். நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது நாள் முழுக்க மலையில் நின்றாலும் பாதிச் சம்பளம். எனக்கு அப்போது கைவேகம் போதாது. தண்ணிக்கு வெட்டினால் அரைப்பேர், வெட்டாவிட்டால் முழுப்பேர் என்கிற நிலையில் இருந்தேன். அந்த மனுஷன்மேல் எனக்கிருந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

முதல் நாள் கார்க் கதவு ஒன்று வந்தது. கணக்கப்பிள்ளை அதைத் தராசுக் கொக்கியில் மாட்டினார். முள் இருபத்தாறில் நின்றது.

"இருபத்திரெண்டுங்க தொரை!" என்றார். வாய் அப்படிப் பழகிப்போயிருந்தது. எனக்குப் பின்னால் நின்றவள் என் இடுப்பைக் கிள்ளினாள். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

"அவ்வளவுதானா?" என்று காருக்கடியிலிருந்து வந்த குரலில் உயிரே இல்லை.

மறுநாள் மற்றக் கதவு. அதற்கும் கூடையும் தண்ணியும் கழிந்தது. பிறகு பம்பர், மாற்றுச் சில்லு, துணிக்கூரைக் கம்பிகள். கழற்றியதெல்லாம் இவ்வளவு லேசு என்றால் பாரம் வேறெங்கோ ஒளிந்திருக்கிறது என்று துரை முடிவு கட்டினார். கழற்ற முடியாத தகட்டிலெல்லாம் துளை போட்டார். கார் இடியப்பத் தட்டுப் போல் ஆகிவிட்டது. நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. அதைவிட நல்ல வேடிக்கை எங்கள் மலையில் வேறில்லை.

ஒருநாள் இருக்கை ஒன்றைத் துரை தானே கொக்கியில் மாட்டிவிட்டுப் பக்கத்தில் நின்றார். கணக்கப்பிள்ளை நிறையைச் சொன்னதும் துரை முள்ளைப் பார்த்தார்.

"எங்கே போச்சு நாலு றாத்தல்?"

"அது... கூடைக்கு ரெண்டு, தண்ணிக்கு ரெண்டுங்க தொரை."

"சீட்டுக்கு ஏது கூடை? சீட்டுக்கு ஏது தண்ணி?" துரை போட்ட சத்தத்தில் மடுவத்துத் தகரமே அதிர்ந்தது.

எனக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை. "எங்க கொழுந்துலயும் தண்ணி இல்லைங்க தொரை. தொட்டுப் பாருங்க."

எங்களை மலையில் வேலை வாங்குகிற கங்காணி என்னை எரித்துவிடுவது போல் முறைத்தார். துரை என் கூடைக்குள் கையை விட்டு எடுத்தார். கை காய்ந்திருந்தது. முகம் சிவந்தது. வெட்டுகிற வழக்கம் தெரியாதவரா அவர்? அரைப்பேருக்கெல்லாம் தலையாட்டியவரே அவர்தான். தன் காரில் வெட்டியபோதுதான் வலித்திருக்கிறது. "தண்ணிக்கு வெட்டாதே" என்று மட்டும் சொன்னார். அன்று எனக்கு முழுப்பேர் விழுந்தது. சந்தோஷத்தில் லயத்து வீட்டுக்கு ஓடியே போனேன்.

ஆனால் துரை வராத நாளில் தண்ணி திரும்பி வந்துவிடும். கார் வாசலில் நின்றால்தான் எங்கள் கொழுந்து காயும். ஆகவே காரில் கழற்ற ஏதாவது இருந்துகொண்டே இருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. வரிசையில் நின்றபடியே நாங்கள் அதை அலசினோம்.

"தொரை, அந்த முன்கண்ணாடி பாரம்தானுங்களே?"

"ஹாரன் எதுக்குங்க? பந்தயத்துல குறுக்கால மாடா வரப்போகுது?"

துரை எல்லாவற்றையும் கழற்றினார். கணக்கப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தார்.

ஒரு அந்தியில் துரை வெறுங்கையோடு வந்தார். "முடிஞ்சுது. இனிக் கழட்ட ஒண்ணும் இல்லை. நாளைக்கு வர மாட்டேன்."

கணக்கப்பிள்ளை முகத்தில் பல நாளைக்குப் பிறகு சிரிப்பு வந்தது. பந்தயத்துக்கு இன்னும் ஒரு மாதம் கிடந்தது. காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். சட்டமும் இயந்திரமும் நாலு சில்லும் ஒற்றை இருக்கையும்தான் மிச்சம். பக்கத்தில் துரை, பங்களாச் சாப்பாடு வளர்த்த வயிற்றோடு நின்றார்.

"தொரை, கோவிச்சுக்காதீங்க. பெரிய பாரம் ஒண்ணு இன்னும் இருக்குங்க."

"எது?"

"நீங்கதானுங்க."

வேலை போயிற்று என்றே நினைத்தேன். துரை குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். பிறகு கொழுந்துச் சாக்கைக் கொக்கியில் மாட்டச் சொல்லி, கால் இரண்டும் தொங்க அதில் ஏறி உட்கார்ந்தார். கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஒரு றாத்தலும் வெட்டாமல் நிறையைச் சொன்னார்.

"இவ்வளவா!" என்ற துரை, இறங்கும்போதே, "நாளைக்கும் வர்றேன்" என்றார்.

பந்தயம் வரும்வரை ஒவ்வொரு அந்தியும் வந்தார். அவர் நிறை இறங்கியதா, கார் எத்தனையாவதாக வந்தது என்றெல்லாம் எனக்கு நினைவில்லை. அந்த மாதம் எனக்கு ஒரு அரைப்பேர்கூட விழவில்லை.