அண்ணியின் நடவு வரிசை

“உன் படிப்ப கரைச்சி ஊத்தினா கொயந்த எட ஏறிடுமாடி?” என்று அம்மா கேட்டாள். அண்ணிக்குப் பையன் பிறந்து நான்கு நாள் ஆகியிருந்தது. ஒன்றே முக்கால் கிலோதான் இருந்தான். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். பட்டம் வாங்கி, வேலைக்கு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருந்தேன். பால் கொடுக்கிறவள் என்னென்ன சாப்பிட வேண்டும் என்று எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன்.

பிள்ளை வயிற்றில் இருந்தபோது அண்ணி காலைக் கஞ்சியைத் தொடமாட்டாள். பிள்ளை பெருத்தால் வயிற்றைக் கிழிக்க வேண்டிவரும் என்று யாரோ பயமுறுத்தியிருப்பார்கள் என நினைத்து, எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். ஏன் என்று கேட்டது இப்போதுதான்.

“குடிச்சிட்டு குனிஞ்சா மூச்சு முட்டிக்கினு வரும். நடவுல பின்னாடி தங்கிட்டா, சுத்தி நாத்த நட்டு நடுவுல நிக்கவெச்சி சிரிப்பாளுங்க. அப்பறம் எவ கூப்புடுவா?” என்றாள் அண்ணி.

எங்கள் தெருப் பெண்கள் கூட்டாகத்தான் நடவுக்குப் போவார்கள். ஒருத்தி வராமல் நின்றுவிட்டால் அந்த இடத்துக்கு இன்னொருத்தி வந்துவிடுவாள். அடுத்த போகத்துக்கும் வந்தவளுக்குத்தான் அழைப்பு. என் பட்டியலில் முட்டை இருந்தது, கீரை இருந்தது, குனிவதைப் பற்றி ஒரு வரி இல்லை. அதைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

குழந்தைக்கு ஒரு மாதம் முடியவில்லை. அங்கன்வாடித் தராசில் அந்த வாரம் நூறு கிராம்கூட ஏறவில்லை. இரண்டு மணி நேரத்துக்கொரு தரம் பால் கொடுத்தாக வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். மறுநாளே நடவுக்கு ஆள் சேர்க்கும் அக்கா வாசலில் வந்து நின்றாள்.

“திங்கக்கெழம நவர போகத்துக்கு நடவு. வரியா, வேற ஆளு பாக்கட்டா?”

“வரேன்க்கா,” என்றாள் அண்ணி. குழந்தை அவள் மடியில் கிடந்தது.

“அவ எடத்துல நான் வரேன்,” என்றேன். “அவ திரும்பி வந்தா எடம் அவளுக்குத்தான்.”

“நாத்துக்கும் கோரைக்கும் வித்தியாசம் தெரியுமா மேடத்துக்கு?”

“தெரியாதுக்கா. காட்டுங்க.”

அவள் அண்ணியைப் பார்த்தாள், பிறகு குழந்தையை. “சரி வா. முதுவு புடிச்சிக்கிச்சின்னு பாதில கரையேறினா எடம் போயிடும், சொல்லிட்டேன்.”

திங்கட்கிழமை அண்ணியின் பழைய புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினேன். பக்கத்தில் நின்றவள் ஒரு நாற்றுமுடியை அவிழ்த்து என் கையில் திணித்தாள். இன்றோடு மூன்று நாள் ஆகிறது, ஒரு நாளும் நான் பாதியில் கரையேறவில்லை.