இடிப்பதற்கென்று ஒரு கார்

போன ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை, தம்பி மகன் செல்போனை மூக்குக்கு நேரே நீட்டினான். வெளிநாட்டில் ஏதோ ஒரு சேற்று மைதானம். ஓட்டைக் கார்கள் வேண்டுமென்றே ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. கடைசிவரை நகர்கிற காருக்குப் பரிசாம். அதற்கு எந்த எஞ்சின் போடலாம், எந்த கியர்பாக்ஸ் தாங்கும் என்று ஒருவர் விலாவாரியாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, நீங்களா இருந்தா என்னா எஞ்சின் போடுவீங்க?"

வாழ்நாளெல்லாம் பட்டறை வைத்திருந்தவனிடம் கேட்கக்கூடிய கேள்விதான். எனக்கோ காதெல்லாம் சுட்டது. தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து போய்விட்டேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, நான் அப்படி ஒரு காரைக் கட்டியிருக்கிறேன்.

எண்பதுகளில் பாப்பாரப்பட்டியில் நானும் மாரப்பனும் கூட்டாகப் பட்டறை வைத்திருந்தோம். பட்டறை என்று பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு புளியமரம், மேலே நாலு தகரம், அடிக்கடி மயக்கம்போட்டு விழும் ஒரு வெல்டிங் மிஷின். ஒகேனக்கல்லுக்கு அப்போது சினிமாக்காரர்கள் ஓயாமல் வருவார்கள். அப்படி வந்த ஒரு கம்பெனியின் மேனேஜர், கிழட்டு அம்பாசிடர் ஒன்றைக் கயிறு கட்டி இழுத்துவந்து நிறுத்தினார். ஏரிக்கரை ஏற்றத்தில் அது வேகமாக ஏறிவந்து, குறுக்கே நிற்கும் பழைய வேனில் மோத வேண்டும். "மோதுனதும் மூஞ்சி நொறுங்கணும். ஒரே ஒரு வாட்டிதான், அப்பறம் காயலான் கடைக்குத்தான்" என்றார்.

ஓட்டப்போகிறவரும் கூடவே வந்திருந்தார். கதாநாயகனுக்குப் பதிலாக விழுந்து புரள்கிறவர். கம்பெனிக்காரர்கள் டூப்பு என்று கூப்பிட்டார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். மெட்ராஸ்காரர், ஒல்லியான ஆள். வேலை முடியும்வரை பட்டறையிலேயே கிடந்தார். மாரப்பன் வீட்டிலிருந்து வந்த கேழ்வரகுக் களியை விழுங்கத் தெரியாமல் மென்று மென்று திணறினார். நாங்கள் சிரித்தோம், அவரும் சேர்ந்து சிரித்தார்.

காரில் இருந்த பெட்ரோல் எஞ்சின் செத்துவிடவில்லை. இருமிக்கொண்டே ஓடியது. பிளக்கைத் துடைத்துப் போட்டிருந்தால் ஒரு ஓட்டத்துக்குத் தாராளமாகப் போதும். மாரப்பன்தான் ஆரம்பித்தான்.

"அந்த ஏத்தத்துல இது நின்னு பூட்டா ஊரே கைகொட்டிச் சிரிக்கும்டா. நம்ம பேரு என்னாவறது?"

எனக்கும் அதே பயம். தக்காளி ஏற்றிப்போய்க் கவிழ்ந்த ஒரு வேனின் டீசல் எஞ்சின் பட்டறைக்குப் பின்னால் கிடந்தது. நல்ல கனம், நல்ல இழுவை. அதைத் தூக்கி மாட்டினோம். டீசல் இழுப்புக்குக் காரின் கியர்பாக்ஸ் தாங்காது என்று வேனின் கியர்பாக்ஸையே போட்டோம். அதற்குப் பின் ஆக்சில் முறிந்துவிடும் என்று ஜீப் ஆக்சில். இவ்வளவு கனத்தை முன்பக்கம் தாங்க வேண்டுமே என்று லாரி சேனல், அந்தக் கனத்த இரும்புச் சட்டம், இரண்டை நீளவாக்கில் வைத்து வெல்டிங் அடித்தோம். நொறுங்க வேண்டிய மூஞ்சிக்கு எலும்பு வைத்தவர்கள் நாங்கள்தான். எங்கள் ஊர்ப்பக்கத்துப் பட்டறைக்காரர்களின் புத்தி அது. கிணற்று மோட்டாரோ டிராக்டரோ, கையைவிட்டுப் போனது கோளாறு என்று திரும்பி வரக்கூடாது. உடைவதற்காக ஒன்றைச் செய்து கொடு என்றால் கை ஓடாது.

டூப்பு உள்ளே ஏறி உட்கார்ந்து பார்த்தார். "எனுக்கு இந்த மிஷினெல்லாம் தெரியாதுண்ணே. நீங்க பாத்து செஞ்சா கரீட்டா இருக்கும்" என்றவர், கொஞ்சம் தயங்கி, "சீட்டு மட்டும் ஆடுது" என்றார்.

"அத அப்பறம் பாத்துக்கலாங்க" என்றேன். கையில் கிளட்ச் வேலை இருந்தது.

படம் பிடிக்கிற அன்று டிராக்டர் டிராக்டராக ஜனம் வந்து இறங்கியது. மாரப்பன் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தான். நான் மாதா படம் ஒன்றை டாஷ்போர்டில் ஒட்டினேன். பூசணிக்காய் உடைத்தோம். எல்லாம் வண்டிக்கு. உள்ளே உட்காருகிறவருக்கு யாரும் சுற்றிப்போடவில்லை.

ஏற்றத்தில் நிற்கவே இல்லை, ராஜாவாட்டம் ஏறியது. வேனில் மோதிய சத்தத்தில் ஏரிக் கொக்குகள் எழுந்து பறந்தன. வேன் உருண்டு பள்ளத்தில் விழுந்துவிட்டது. எங்கள் கார் அப்படியே நின்றது, எஞ்சின்கூட அணையவில்லை.

"வண்டிக்கு ஒண்ணுமே ஆவலடா!" என்று கூட்டம் விசிலடித்தது. நான் சந்தோஷத்தில் ஓடினேன். ஓடிப்போய்க் கதவைத் திறக்கவில்லை, பானெட்டைத் திறந்தேன். ரேடியேட்டரைப் பார்த்தேன், வெல்டிங்கைத் தடவிப் பார்த்தேன், மாரப்பனைப் பார்த்துச் சிரித்தேன்.

"யோவ், ஆளப் பாருங்கய்யா!" என்று மேனேஜர் கத்தினார்.

சீட்டு பிடுங்கிக்கொண்டு வந்து அவரை ஸ்டியரிங்கோடு நெரித்திருந்தது. நொறுங்காத வண்டி, வாங்கிய அடியை முழுசாக அவர் நெஞ்சுக்கு அனுப்பிவிட்டது. கம்பெனி வண்டிகள் தூரத்தில் நின்றதால், அவரைப் பின்சீட்டில் கிடத்தி, பிடுங்கிய சீட்டைப் பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்து, அதே காரில்தான் பென்னாகரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியில் மூச்சு வாங்க வாங்க, "வண்டி நல்லா இழுக்குதுண்ணே" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் இத்தனை வருடம் உறுத்தாது.

"பேஷண்ட் பேரு சொல்லுங்க" என்றார் நர்ஸம்மா.

"டூப்பு" என்றேன்.

அந்தம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். படுத்திருந்தவர் முனகலாக ஒரு பெயரைச் சொன்னார். எனக்குக் காதில் விழவில்லை. வெளியே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த நினைப்பு வந்து, அதை நிறுத்தப் போய்விட்டேன்.

சாயங்காலம் காரின் மூஞ்சியை நானும் மாரப்பனும் சம்மட்டியால் அடித்து நொறுக்கிக் கொடுத்தோம். படத்துக்கு அது வேண்டுமாம். மறுநாள் பட்டறையைப் பூட்டிவிட்டு அவரைப் பார்க்கப் போனபோது, மெட்ராசுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றார்கள். படத்தில் அந்தக் காரிலிருந்து கதாநாயகன் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு இறங்குவார்.

தம்பி மகனின் வீடியோவை மறுநாள் கேட்டு வாங்கி முழுசாகப் பார்த்தேன். எஞ்சின் பேச்சு நடுவில்தான் வருகிறது. அந்த வெளிநாட்டுக்காரர் முதல் வேலையாகச் செய்தது, சீட்டின் நாலு மூலையிலும் போல்ட் போட்டு முறுக்கியது.

புளியமரம் ரோட்டை அகலமாக்கியதில் போய்விட்டது. பட்டறை இருந்த இடத்தில் பேக்கரி. மாரப்பனும் இல்லை. அந்தக் காரைப் பற்றிக் கேளுங்கள், இன்றைக்கும் சொல்வேன். டீசல் எஞ்சின் ஏரியூரில் ஒரு கிணற்றுக்குப் போய் வெகுகாலம் தண்ணீர் இறைத்தது. ஆக்சில் கடத்தூரில் ஒரு டிரெய்லருக்குப் போனது. கதவு ஒன்று ஆட்டுப்பட்டிக்குப் படலாக இருந்தது. அவரைத்தான் தெரியவில்லை. டி.வி.யில் பழைய படம் ஓடி, சண்டை வந்தால் எழுந்து கிட்டே போய் நின்று பார்க்கிறேன். ஒல்லியான ஆள் ஒருவர் விழுந்து புரள்கிறார். டூப்பின் முகத்தைக் காட்டமாட்டார்கள்.